எருமைக்காக அழுதவர்

அவர் அழுததெல்லாம் நடிப்பு என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். நடிப்பாக இருந்திருந்தால் நாங்கள் இத்தனை பேர் ஏமாந்திருக்க மாட்டோம். செவுளைத் தூக்கிப் பார்த்து மீன் வாங்குகிற ஜனங்கள் நாங்கள். அவருடைய அழுகை அசல். முதலில் குரல் கம்மும். பிறகு மூக்கு நுனி சிவக்கும். கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைப்பார். அதற்கப்புறம் கொட்டும். அழுது முடித்துத் தோளில் கிடக்கும் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொள்வார். எதற்கு அழுதாரோ அதுவும் சேர்ந்து துடைபட்டுப் போய்விடும். இந்தக் கடைசி விஷயம் புரிய எனக்கு ஏழு வருடம் ஆயிற்று.

போன மாதம் அவருடைய படத்திறப்புக்குக் கூப்பிட்டார்கள். "ஆரம்பத்துலேருந்து கூட இருந்தவரு நீங்கதான், ரெண்டு வார்த்த பேசணும்" என்றார்கள். உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டேன். அந்த இரண்டு வார்த்தையைத்தான் இங்கே எழுதுகிறேன். பெயரைப் போடப் போவதில்லை. தெரிந்தவர்களுக்குத் தெரியும், தெரியாதவர்களுக்குப் பெயர் எதற்கு?

நான் பார்க்க ஆரம்பித்தபோது அவர் மனு எழுதுகிறவர். வில்லியனூரில் ஒரு ஜெராக்ஸ் கடை வாசலில் மேஜை போட்டிருப்பார். இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி. ஒன்று அவருக்கு, ஒன்று வந்தவர்களுக்கு. பட்டா, குடிநீர், முதியோர் பணம், ரேஷன் கார்டு என்று வில்லியனூர் கொம்யூனில் உள்ள எல்லா ஊரிலிருந்தும் அவரைத் தேடி வருவார்கள். மற்ற மனுக்காரர்கள் பெயர், விலாசம், என்ன வேண்டும் என்று மூன்று கேள்வியில் ஆளை அனுப்பிவிடுவார்கள். இவர் கதை கேட்பார். "மொதல்லேருந்து சொல்லும்மா" என்பார். கதை பாதி வருவதற்குள் கண்ணாடி மேஜைக்கு வந்துவிடும். பின்னால் நிற்கிறவர்கள் பொறுமையாக நிற்பார்கள். தங்கள் முறை வரும்போது தங்களுக்காகவும் அழுவார் என்று அவர்களுக்குத் தெரியும்.

என் அக்காவை உறுவையாறு என்கிற பக்கத்து ஊரில் கொடுத்திருந்தோம். மாமா கரும்பு லோடு டிராக்டரிலிருந்து விழுந்து செத்துப்போனார். கைக்குழந்தையும் ஐந்து வயதுப் பையனும், ஒரு எருமைக் கிடேரியும்தான் அவர் விட்டுப்போனது. விதவை உதவித்தொகைக்கு அக்கா அலையாத அலுவலகம் இல்லை. காகிதம் நகரவில்லை. கடைசியில் நான்தான் அவளை இவரிடம் அழைத்துப் போனேன். அக்கா அந்நிய மனிதர் எதிரில் அழுகிறவள் அல்ல. பல்லைக் கடித்துக்கொண்டு நடந்ததைச் சொன்னாள். அழுதது அவர்தான். எழுதிக்கொண்டிருந்த தாளில் ஒரு சொட்டு விழுந்து மை பரவிவிட்டது. வேறு தாளில் எழுதித் தருவதாகச் சொன்னார். அக்கா வேண்டாம் என்று அதையே வாங்கிக்கொண்டாள். அலுவலகத்தில் இருந்த அம்மாள் அந்தக் கறையைக் காட்டி, "நீயாம்மா அழுத?" என்று கேட்டாளாம். "இல்லம்மா, எழுதினவரு" என்றாளாம் அக்கா. இரண்டு மாதத்தில் பணம் வந்துவிட்டது.

"பெத்த அப்பாகூட எனக்காவ இப்பிடி அழுவலடா" என்றாள் அக்கா. அதைக் கேட்ட நாளிலிருந்து நான் அவருடைய ஆள்.

எனக்குப் பால் சங்கத்தில் வேலை. காலையிலும் சாயங்காலமும் வருகிற பாலை லாக்டோமீட்டர் விட்டுப் பார்த்து, தண்ணீர் கலந்திருக்கிறதா என்று சொல்ல வேண்டும். ஊரில் எவ்வளவு கெட்டிக்காரன் கலந்தாலும் என்னிடம் நடக்காது. ஆளுக்குள் விட்டுப் பார்க்க அப்படி ஒரு கருவி இல்லை. நடுப்பகல் முழுவதும் எனக்கு வேலை இல்லாததால் அவர் மேஜைக்குப் பக்கத்தில் போய் நிற்க ஆரம்பித்தேன். பிறகு அவருடைய பையைத் தூக்க ஆரம்பித்தேன்.

ஒரு மழைக்காலத்தில் நல்லவாடு மீனவர் குப்பத்தில் அலை ஏறி இரண்டு படகை உடைத்துப் போட்டுவிட்டது. அவர் அப்போது ஒரு பெரிய கட்சியில் இருந்தார். என்னையும் கூட்டிக்கொண்டு போனார். உடைந்த பலகையைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற ஒரு மீனவரைப் பார்த்ததும் அவரைக் கட்டிக்கொண்டு அழுதார். சேற்றில் முட்டி போட்டு உட்கார்ந்து அழுதார். மீனவர்தான் அவர் முதுகைத் தடவி, "வுடுங்க, வுடுங்க, பாத்துக்கலாம்" என்று சமாதானம் செய்தார். பத்து நாள் கழித்து அந்த மீனவர் பேருந்து பிடித்து வில்லியனூர் வந்தார். இவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "எந்த ஊருப்பா நீ?" என்று கேட்டார். மீனவர் என் முகத்தைப் பார்த்தார். நான் சிரித்துச் சமாளித்தேன். "தலைவருக்கு ஆயிரம் வேல, மறந்துருப்பாரு" என்று வெளியே கூட்டிப்போய் ஒரு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன். அன்றைக்கே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

அந்தப் பெரிய கட்சி அவருக்குச் சீட்டு கொடுக்கவில்லை. கோபித்துக்கொண்டு வெளியே வந்து தனிக் கட்சி தொடங்கினார். தவளக்குப்பத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் கூட்டம் போட்டோம். அன்றைக்கே பக்கத்து மண்டபத்தில் ஒரு நிச்சயதார்த்தம் இருந்ததால் சாப்பாட்டு நேரத்தில் கூட்டம் பாதியாகிவிட்டது. இருந்தவர்களில் பேனா வைத்திருந்தவன் நான் என்பதால் நான் செயலாளர்.

கொடி பச்சையும் வெள்ளையும் என்று முடிவாகிவிட்டது. நடுவில் ஒரு மிருகம் வேண்டும் என்றார் அவர். மிருகம் இருந்தால்தான் ஜனங்கள் மனசில் நிற்கும், எழுத்துக் கூட்டத் தெரியாதவனும் அடையாளம் சொல்வான் என்றார். தேர்தல் சின்னமாகவும் அதையே வாங்கிவிடலாம் என்று நாங்கள் எல்லோரும் நினைத்துக்கொண்டோம். யாரையாவது கேட்கலாம் என்று ஒருத்தனுக்கும் தோன்றவில்லை. செயலாளர் நான் கேட்டிருக்க வேண்டும்.

மருந்துக் கடைக்கு மேலே வாடகைக்கு எடுத்திருந்த மாடியறையில் மூன்று நாள் உட்கார்ந்தோம். கொடி தைக்கப் போகிற டெய்லர் சிங்கம் என்றார்.

"சிங்கத்த நம்ம ஜனம் எங்கய்யா பாத்துது? வண்டலூருக்குப் போனாத்தான் உண்டு" என்றார் மளிகைக் கடைக்காரர். அவர் குதிரை என்றார்.

"அது அய்யனாரோடது. சாமி குத்தம் ஆயிடும்" என்றார் டெய்லர்.

மாதா கோயில் தெருவிலிருந்து வந்த எலெக்ட்ரீஷியன் ஆட்டுக்குட்டி என்றார். சாதுவானது, வேதத்திலும் இருக்கிறது என்று காரணம் சொன்னார்.

"மீட்டிங் முடிஞ்சா நீங்களே பிரியாணி கேப்பீங்க" என்றார் மளிகை.

நாய் நன்றியுள்ளது என்று டெய்லர் மறுபடி வந்தார். ஓட்டுக் கேட்கப் போனால் கதவைத் திறந்து என்ன சொல்வார்கள் என்று எலெக்ட்ரீஷியன் நடித்துக் காட்டினார். நான் கிளி என்றேன். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்தபடி இருந்தார்.

மூன்றாம் நாள் சாயங்காலம் கீழே ரோட்டில் ஒரு பேருந்து விடாமல் ஹாரன் அடித்தது. எட்டிப் பார்த்தோம். வாய்க்காலில் கிடந்துவிட்டு வந்த நாலைந்து எருமைகள் ரோட்டை அடைத்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தன. டிரைவர் வெளியே தலையை நீட்டி வாய்க்கு வந்தபடி திட்டினார். ஒன்றுகூட நடையை மாற்றவில்லை.

"இதோ இருக்குது பாருங்கய்யா நம்ம மிருகம்" என்றார் அவர்.

"எமன் வாகனமாச்சே தலைவரே" என்று டெய்லர் இழுத்தார்.

"எமனே நம்பி ஏறுன வண்டி அது. நாம நம்பக் கூடாதா?"

நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. குரல் கம்ம ஆரம்பித்துவிட்டது.

"பசுவக் கும்புடறோம். காளைய அவுத்து வுட்டு வீரம்ன்றோம். காலைல டீக்கடையில குடிச்சியே, அந்தப் பாலு எதோடது? எவனாச்சும் எருமைக்கு மால போட்டானா? மாட்டுப் பொங்கல்லகூட அதுக்குக் கடைசீலதான் சோறு. எருமன்னு யாரத் திட்டறோம்? கறுப்பா இருக்கறவன, மெதுவா நடக்கறவன, அடிச்சாலும் திருப்பிப் பேசாதவன. நம்ம ஜனம் வேற யாருய்யா? அதுக்கு ஓட்டு கேக்க ஒருத்தன் வேணாமா?"

கண்ணாடி மேஜைக்கு வந்துவிட்டது. டெய்லர் அழுதார். மளிகைக் கடைக்காரர் மூக்கைச் சிந்தினார். பள்ளிக்கூடத்தில் என்னை எருமை என்றுதான் கூப்பிடுவார்கள். அக்காவை அவள் மாமியார் கூப்பிட்டதும் அப்படித்தான். நானும் அழுதேன். இன்றைக்கும் சொல்கிறேன், அந்தப் பேச்சில் ஒரு வார்த்தை தப்பில்லை.

கொடிக்கும் பேனருக்கும் படம் வேண்டியிருந்தது. தவளக்குப்பம் ஜங்ஷனில் பிளக்ஸ் அடிக்கிறவன் கம்ப்யூட்டரில் தேடி ஏதோ ஆப்பிரிக்கக் காட்டெருமையை எடுத்துக் காட்டினான். "இன்னாய்யா இது, சிங்கத்தோட சண்ட போடறத எடுத்துட்டு வந்து காட்டற? நம்மூரு எரும வேணும்" என்றார் அவர். எங்க அக்காவிடம் இருக்கிறது என்று சொன்னேன். கேட்டதும் என் தோளில் கை போட்டுக்கொண்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மாமா விட்டுப்போன அந்தக் கிடேரிதான் வளர்ந்து இரண்டு ஈற்று ஈன்றிருந்தது. பொம்மி என்று பெயர். அக்கா வீட்டில் அடுப்பு எரிந்தது உதவித்தொகையில் பாதி, பொம்மியின் பாலில் பாதி. அப்போது அது மூன்றாவது சினை. பாலை வற்ற விட்டிருந்தாள். கன்று விழுந்தால்தான் மறுபடி பால் என்று நாளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

படமெடுக்க வருகிறோம் என்றதும் அக்கா அதைத் தேய்த்துக் குளிப்பாட்டி, கொம்புக்கு நல்லெண்ணெய் தடவி நிறுத்தியிருந்தாள். அவர் காரிலிருந்து இறங்கி வந்தார். எருமைக்கு மூன்று அடி தள்ளி நின்று, என்னிடம் மெதுவாக, "முட்டுமாப்பா?" என்று கேட்டார். எருமைக்காக அப்படி அழுத மனிதர் அதுவரை ஒரு எருமையைத் தொட்டதில்லை. அக்கா அவர் கையைப் பிடித்து அதன் கழுத்தில் வைத்தாள். படம் எடுத்தானதும் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு, "தங்கமான ஜீவன்மா" என்றார். அக்கா பூரித்துப் போனாள்.

பேனர் பிரமாதமாக வந்தது. அவரும் பொம்மியும் ஒரே உயரம். அவர் கை அதன் கழுத்தில். கீழே கட்சி நிர்வாகிகளான எங்கள் ஏழு பேர் முகமும் வட்டம் வட்டமாக வரிசையாக. மூன்றாவது நான். அக்காவின் படம் இல்லை.

வேட்புமனு தாக்கல் செய்கிற நாளன்று பொம்மியை ஊர்வலத்தில் முன்னால் நடத்திப் போக வேண்டும் என்று முடிவு செய்தார்கள். அக்காவிடம் கேட்கிற வேலை என்னுடையது.

"ஒம்பது மாசம் முடிஞ்சிட்டுதுடா. இப்பப் போயி வெயில்ல நடக்க வுடறதா?" என்றாள் அக்கா.

"காலைல எட்டு மணிக்குப் போனா பத்து மணிக்கெல்லாம் கொட்டாய்க்கு வந்துரும்க்கா."

"எரும சூடு தாங்காதுடா. ஒனக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியும். பால் சங்கத்தில் இருக்கிறவனுக்குத் தெரியாதா? வெயிலானால் தண்ணீரில் கிடக்க வேண்டிய பிராணி. பசுவைப் போல அதற்கு வேர்த்து ஆறுகிற உடம்பு இல்லை. இருந்தாலும், "அவரு ஒனக்காவ அழுதாருக்கா" என்றேன். அக்கா சரி என்று தலையாட்டினாள்.

காலை எட்டு மணி என்பது மாறிவிட்டது. ஜோசியர் ஒரு மணிக்கு மேல்தான் நேரம் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார். மேடையில் பகுத்தறிவு பேசுகிறவர் அவர். ஜோசியரிடம் போனது எங்கள் ஏழு பேருக்கு மட்டும் தெரியும். பொம்மியை அக்கா உறுவையாற்றிலிருந்து நடத்தி வந்து சேர்ந்தபோது பதினோரு மணி. டெய்லர் கட்சிக் கொடியில் ஒரு பெரிய போர்வை தைத்து வைத்திருந்தார். அதை முதுகில் போர்த்தி, கொம்பில் சாயம் பூசி, கழுத்தில் மாலை போட்டார்கள். மாலையை அது தின்னப் பார்த்தது. எல்லோரும் சிரித்தார்கள். பங்குனி வெயில். கீழே தார் இளகிச் செருப்பில் ஒட்டியது.

ஜீப்பின் மேல் நின்று அவர் பேசினார். மாடியறையில் பேசிய அதே பேச்சு. "மாட்டுப் பொங்கல்லகூட அதுக்குக் கடைசீலதான் சோறு" என்ற இடத்தில் அழுதார். பத்தடி தள்ளிப் பொம்மி வாயைத் திறந்து நாக்கை வெளியே விட்டு இரைத்துக்கொண்டிருந்தது. ஜனங்கள் கை தட்டினார்கள். அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"டேய், தண்ணி காட்டணும்டா. வாயில நொர தள்ளுது."

"இரு அக்கா, டிவிக்காரன் வந்துடட்டும். அஞ்சே நிமிஷம்."

டிவிக்காரன் வர முக்கால் மணி நேரம் ஆயிற்று.

தேர்தல் அதிகாரியின் அலுவலகத்துக்கு நூறு மீட்டர் முன்னாலேயே போலீஸ் கயிறு கட்டியிருந்தது. வேட்பாளரோடு நாலு பேர்தான் உள்ளே போகலாம். அந்த நாலு பேரில் நான் ஒருவன். ஊர்வலத்தில் வந்தவர்கள் நிழலைப் பார்த்து ஒதுங்கினார்கள். எருமையை நகர்த்தக் கூடாது, திரும்பி வரும்போது படம் எடுக்க வேண்டும் என்று யாரோ சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் கயிற்றைத் தாண்டும்போது அக்கா பின்னாலிருந்து கூப்பிட்டாள். "தே வந்துட்டன்க்கா" என்று கையைக் காட்டிவிட்டு உள்ளே போனேன்.

உள்ளே மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் தாள்களைப் புரட்டிய எழுத்தர் சின்னம் என்ற இடத்தைப் பார்த்து நிமிர்ந்தார்.

"எருமையா? மிருகம், பறவை எதுவும் இப்ப குடுக்கறதில்லீங்க. ரொம்ப வருஷமாச்சே நிறுத்தி. சின்னம் வாங்கிட்டு நெசமான மிருகத்தக் கூட்டியாந்து ரோட்ல நிறுத்தி வதைக்கறாங்கன்னுதான் நிறுத்துனாங்க. இந்த லிஸ்ட்ல இருந்து மூணு எழுதுங்க."

நான் வாசலைப் பார்த்தேன். அவர் முகத்தைப் பார்த்தேன். கொஞ்சம் வாடியது போல இருந்தது. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு லிஸ்டைத் தன் பக்கம் இழுத்து விரலை வைத்து மேலிருந்து கீழே வர ஆரம்பித்தார். பலூன், மெழுகுவத்தி, தையல் மிஷின், கேரம் போர்டு. ஒவ்வொன்றுக்கும் எங்கள் அபிப்பிராயம் கேட்டார். பலூன் வெடித்துவிடும் என்றார் மளிகை. மெழுகுவத்தி அணைந்துவிடும் என்றார் டெய்லர். சட்டைப் பையில் என் போன் மூன்று தடவை அதிர்ந்தது. அங்கே பேசக் கூடாது என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். எடுக்கவில்லை.

"இஸ்திரிப் பெட்டி எப்பிடிப்பா இருக்கு?" என்று என்னைக் கேட்டார்.

"நல்லாருக்கு தலைவரே" என்றேன்.

வெளியே வந்தபோது பொம்மி தார் ரோட்டில் படுத்திருந்தது. கால்கள் விறைத்து ஒரு பக்கமாக நீட்டியிருந்தன. ஊர்வலக்காரர்களுக்குக் கொடுத்த தண்ணீர்ப் பாக்கெட்டுகள் ஒரு மூட்டை இருந்தது. அக்கா அவற்றை ஒவ்வொன்றாகப் பல்லால் கிழித்து அதன் தலையிலும் வயிற்றிலும் ஊற்றிக்கொண்டிருந்தாள். கொடிப் போர்வையை உருவித் தூர எறிந்திருந்தாள். சுற்றிலும் வெற்றுப் பாக்கெட்டுகள். நான் ஓடிப்போய் நானும் ஒரு பாக்கெட்டைக் கிழித்தேன். அவள் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

அந்த நேரத்தில்தான் ஜீப் மேலிருந்து மைக் சத்தம் கேட்டது. டிவிக்காரன் கேமராவைத் தூக்கிவிட்டான்.

"தான் சூடு தாங்கி, அடுத்தவன் சட்டையோட சுருக்கத்த எடுக்குதே, அது எது? அதுக்குன்னு ஒரு சட்ட உண்டாய்யா? காலமெல்லாம் நெருப்ப வயித்துல கட்டிக்கிட்டு..."

குரல் கம்மியது. எனக்குத் தெரியும், அடுத்தது கண்ணாடி. அண்ணாந்து பார்த்தேன். கழற்றிக் கையில் வைத்திருந்தார். கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. அசல் கண்ணீர். ஜீப்பின் மேலிருந்து பார்த்தால் நாங்கள் தெரியாமல் இருக்க வழியில்லை. அவர் திரும்பவே இல்லை.

குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டி பிடித்து ஏழெட்டுப் பேர் தூக்கிப் போட்டு உறுவையாற்றுக்குக் கொண்டுபோனோம். மாட்டு டாக்டர் வந்தார். சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கன்று விழுந்தது. கிடேரிக் கன்று. உயிர் இல்லை. அக்கா அதை ஒரு பழைய புடவையில் சுற்றி, கொல்லையில் அவளே குழி வெட்டினாள். மண்வெட்டியை நான் கேட்டேன். தரவில்லை.

மறுநாள் காலை அவர் வந்தார். அதையும் சொல்லத்தான் வேண்டும். பிரச்சாரத்துக்குப் போகிற வழியில் வண்டியை நிறுத்திவிட்டுக் கொட்டகைக்கே வந்தார். எழுந்திருக்க முடியாமல் கிடந்த பொம்மியைப் பார்த்ததும் அப்படியே சாணியில் உட்கார்ந்துவிட்டார். தேம்பித் தேம்பி அழுதார். மாமா செத்த கதையைக் கேட்டபோது எப்படி அழுதாரோ அதே அழுகை. கூட வந்தவர்கள், "தலைவரே, வுடுங்க தலைவரே" என்றார்கள்.

"அழுவாதண்ணா" என்றாள் அக்கா. "நீ அழுதா ஒன்னத் தேத்தற வேலையும் எங்களுக்குத்தான் வருது."

அவர் அழுகையை நிறுத்திக்கொண்டு முகத்தைத் துடைத்தார். "நான் ஒரு மனு எழுதித் தரேம்மா. கால்நடைத் துறைக்கு. கண்டிப்பா ஏதாச்சும் செய்வாங்க" என்றார்.

"யாரு மேலன்னு எழுதுவ?"

நேரமாகிவிட்டது என்று யாரோ கூப்பிட்டார்கள். எழுந்து, வேட்டியில் ஒட்டிய சாணியைத் தட்டிக்கொண்டு போனார். வண்டியில் ஏறும்போது என்னைப் பார்த்து, "நோட்டீசு ப்ரூஃப் வந்துட்டுதாப்பா?" என்றார்.

இதுவரை எழுதியதைப் படிப்பவர்கள் அவரைத் திட்டலாம். நானும் இத்தனை நாளாக மனசுக்குள் திட்டிக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் அன்றைக்கு நான் என்ன செய்தேன்? அவர் வண்டியிலேயே ஏறிக்கொண்டு போய், இஸ்திரிப் பெட்டி நோட்டீசுக்கு எழுத்துப் பிழை திருத்தினேன். தேர்தல் முடிகிறவரை அவர் பையைத் தூக்கினேன். வீடு வீடாகப் போய், "பெட்டிக்குப் போடுங்க" என்றேன். டெபாசிட் போயிற்று. ஒரு வருடத்தில் அவர் பழைய பெரிய கட்சிக்கே திரும்பிப் போனார். ஏதோ ஒரு வாரியத்துக்குத் தலைவராகப் போட்டார்கள். அந்த விழாவில் தாய்க் கழகம் என்று சொல்லும்போதும் அழுதார். நான் கூட்டத்தின் கடைசியில் நின்றிருந்தேன். அதற்கப்புறம் போகவில்லை. வழியில் எப்போதாவது எதிர்ப்பட்டால் "எப்பிடிப்பா இருக்க" என்று தோளைத் தட்டுவார். அக்காவைப் பற்றி ஒருநாளும் கேட்டதில்லை. மறைத்தார் என்று நான் சொல்ல மாட்டேன். ஞாபகம் இருந்திருக்காது.

பொம்மி எழுந்துவிட்டது, ஆனால் மறுபடி சினை பிடிக்கவில்லை. மூன்று தடவை ஊசி போட்டுப் பார்த்தார்கள். அக்கா ஒரு வருடம் சும்மா வைத்துத் தீனி போட்டாள். பிறகு வியாபாரி வந்து ஓட்டிப் போனான். எங்கே போகிறது என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதோடு அவள் தனியார் கம்பெனி ஒன்றில் துப்புரவு வேலைக்குப் போக ஆரம்பித்தாள்.

படத்திறப்பு நடந்த அன்று, அங்கே போகாமல் நான் உறுவையாற்றுக்குப் போனேன். அவர் செத்த சேதியை அக்காவிடம் சொன்னேன். "ம்" என்றாள். டீ போடுகிறேன் என்று உள்ளே போனாள். நான் கொல்லைப் பக்கம் போனேன். கொட்டகையில் இப்போது விறகு அடுக்கியிருக்கிறாள். சுவரில் சாரல் அடிக்காமல் ஒரு பிளக்ஸ் பேனரை ஆணி வைத்து அடித்திருந்தாள். வெயிலில் வெளுத்துப்போயிருந்தாலும் அடையாளம் தெரிந்தது. எண்ணெய் பூசிய கொம்போடு பொம்மி நின்றுகொண்டிருந்தது. அதற்கு இருக்கிற ஒரே படம் அதுதான்.

அவர் நின்ற பாதியைக் கத்தரித்திருந்தாள். ஓரம் நேராக, பொறுமையாக வெட்டியிருந்தாள். கழுத்தில் வைத்திருந்த கையை மட்டும் எருமையைக் கெடுக்காமல் எடுக்க முடியவில்லை போலிருக்கிறது. ஐந்து விரல் அப்படியே இருந்தது. பிறகுதான் கீழே பார்த்தேன். வட்டம் வட்டமாக எங்கள் முகங்கள் இருந்த வரிசையும் இல்லை. அதையும் அதே கத்தரியால் ஓரம் சேர்த்து வெட்டியிருந்தாள்.

அக்கா பின்னால் வந்து நின்றாள். நான் எதைப் பார்க்கிறேன் என்று அவளுக்குத் தெரிந்தது. டம்ளரை என் கையில் கொடுத்தாள்.

"பாக்கெட் பாலுதான். ஆறிடப் போவுது, குடி" என்றாள்.

அவள் எதிரில் அழ எனக்கு முகமில்லை. தலையைக் குனிந்துகொண்டு டீயைக் குடித்தேன்.